பள்ளிக் கூடைப்பந்தில் உடை விதி: எதற்கு விசில், எதற்கு வாய்ச்சொல்?

புதுவிசில்:
அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் என்.எஃப்.எச்.எஸ். (பள்ளி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பு) விதிப்படி நடுவர் வேலை பார்க்கும் மூத்தவர்களிடம் ஒரு கேள்வி. விதி 3-4 ஜெர்சியைச் சொல்கிறது, 3-5 மற்ற உடுப்புகளையும் காப்புக் கருவிகளையும் சொல்கிறது. புத்தகத்தில் படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. அரங்கத்துக்குள் போனால் ஒரே நேரத்தில் நாலு விஷயம் கண்ணில் படுகிறது. உள்ளூர் அணி சாம்பல் நிற ஜெர்சியில் நிற்கிறது. வெளியூர் அணியில் ஒரு பையன் கருநீல ஜெர்சிக்குள் வெள்ளைப் பனியன் போட்டிருக்கிறான். இன்னொருவனுக்கு மட்டும் சிவப்பு ஹெட்பேண்ட், மற்றவர்களுக்குக் கருப்பு. ஒரு பையன் காதுத் தோட்டின்மேல் டேப் ஒட்டியிருக்கிறான். இதில் எது டெக்னிக்கல் ஃபவுல் (ஆட்டக்காரர்கள் மோதாமலே, விதிமீறலுக்குத் தரும் தண்டனை), எது "போய் மாற்றிக்கொண்டு வா", எதைப் பார்த்தும் பேசாமல் விடலாம்?

விசில்காரன்:
நாலுக்கும் ஒரே பதில் இல்லை. அதற்கு முன்னால், அந்த விதி ஏன் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 3-5 தொடங்கும் இடத்திலேயே அது இருக்கிறது: ஆபத்தானது, குழப்பம் உண்டாக்குவது, பொருத்தமற்றது என்று தனக்குப் படுகிற எதையும் ரெஃப்ரி (தலைமை நடுவர்) அனுமதிக்கக் கூடாது. இந்த மூன்று காரணங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல.

தோடு முதல் வகை. டேப் ஒட்டினாலும் ஆட முடியாது, கழற்ற வேண்டும். "நேற்றுத்தான் குத்தினேன், கழற்றினால் தூர்ந்துவிடும்" என்பார்கள். பாவம்தான், ஆனாலும் ஆட முடியாது. விலக்கு இரண்டே இரண்டு: மதச் சின்னம் உள்ள டாலரும் மருத்துவ எச்சரிக்கை டாலரும் நகையாகக் கணக்கில் வராது. மதச் சின்னம் உடலோடு டேப் போட்டு உடைக்குள் இருக்க வேண்டும். மருத்துவ டாலரையும் டேப் போட்டே அணிய வேண்டும், ஆனால் அது வெளியே தெரியலாம். அவசரத்தில் ஓடி வருகிற மருத்துவ உதவியாளர் படிக்கத்தானே அது இருக்கிறது.

பனியனும் ஹெட்பேண்டும் 3-5 சமாசாரம். இவற்றுக்கு டெக்னிக்கல் கிடையாது. சரிசெய்யும்வரை அந்த ஆட்டக்காரர் களத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சாம்பல் ஜெர்சிதான் இங்கே பெரிய தலைவலி. உள்ளூர் அணி வெள்ளையும், வெளியூர் அணி அதிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் அடர்நிறமும் அணிய வேண்டும். இது 3-4. மீறினால் ஹெட் கோச் பேரில் நேரடியாக ஒரு டெக்னிக்கல். எத்தனை பேர் அணிந்திருந்தாலும் ஆட்டத்துக்கு ஒன்றுதான்.

நடுக்கோடு:
ஒன்று சேர்க்கிறேன். அந்த டெக்னிக்கல் என்ன செய்யும் என்பதை முழுசாகத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பிறகு நடுக்கோட்டில் பந்தும் அவர்களுக்கே. நேரடி டெக்னிக்கல் என்பதால் ஹெட் கோச் கோச்சிங் பாக்ஸ் உரிமையை (பெஞ்ச் பக்கம் எழுந்து நிற்கும் உரிமையை) இழந்து மீதி ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். நேரடியாக இன்னொன்று வாங்கினால் அரங்கத்தைவிட்டே வெளியேற வேண்டியதுதான். ஆட்டத்துக்கு முன்பே பிடிபட்டால் ஜம்ப் பால் (நடுவர் பந்தை மேலே எறிந்து தொடங்கிவைப்பது) கிடையாது, ஃப்ரீ த்ரோவோடு ஆட்டம் தொடங்கும். முதல் முறைமாற்று அம்பு (அடுத்த முறை பந்து யாருக்கு என்று மேசையில் காட்டும் அம்பு) டெக்னிக்கல் வாங்கிய அணியின் பக்கம் திரும்பும். ஒரு நிறத்துக்காக இத்தனையும். அதனால்தான் ஊதுவதற்கு முன் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்துவிட வேண்டும்.

ட்ரெயில்:
"செய்யக்கூடியதை எல்லாம்" என்ற பேச்சில்தான் எனக்கு உடன்பாடில்லை. விதிப்புத்தகத்தை நடுவர் திருத்தி எழுத முடியாது. செவ்வாய்க்கிழமை வந்த குழு சாம்பல் ஜெர்சியை விட்டுவிடும். வெள்ளிக்கிழமை வந்த குழு விதிப்படி ஊதும். உடனே கோச், "மூன்று ஆட்டமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கத்துவார். வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் கெட்ட பேர் வாங்குவார்கள். பெருந்தன்மை என்ற பெயரில் அடுத்த குழுவின் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

விசில்காரன்:
ட்ரெயில் சொல்வது உண்மையான பிரச்சினை. நானும் கண்ணை மூடச் சொல்லவில்லை, எந்த நிமிடத்தில் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறேன். நம் அதிகாரம் ஆட்ட நேரத்துக்கு 15 நிமிடம் முன்பு, நாம் தளத்துக்கு வரும்போது தொடங்குகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளூர் அணியின் வெள்ளை ஜெர்சி அதே கட்டடத்தில், லாக்கர் ரூமில் கிடக்கிறது. "கோச், இது சாம்பல். மாநிலச் சங்கம் அனுமதித்த கடிதம் இருக்கிறதா? இல்லையென்றால் வெள்ளைக்கு மாற்ற நேரம் இருக்கிறது" என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. சிறப்பு நாட்களுக்கு மாநிலச் சங்கம் விலக்கு கொடுப்பதும் உண்டு. அதைக் கேட்காமல் ஊதினால் நாம்தான் தவறு செய்தவர்கள்.

வெள்ளையும் இல்லை, கடிதமும் இல்லை என்றால்? டெக்னிக்கல்தான். ஒன்று கொடுத்து, அதே ஜெர்சியில் ஆட்டத்தை நடத்த வேண்டும். அந்த இடத்தில் எனக்கும் ட்ரெயிலுக்கும் வேறுபாடு இல்லை.

ஸ்கோர்புக்:
ஸ்கோர் எழுதும் மேசைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். நடுவர்கள் 10 நிமிடக் கெடுவை மறந்துவிடுகிறார்கள். ஆட்ட நேரத்துக்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பு பெயர்களும் எண்களும் ஸ்கோர் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எண்ணை மாற்றினால் நிர்வாக டெக்னிக்கல். அது அணியின் கணக்கில் போகும், கோச் பாக்ஸை இழக்க மாட்டார். ஜெர்சி நிறத்துக்கான டெக்னிக்கலும் இதுவும் ஒன்றல்ல. புத்தகத்தில் குறிக்கும் இடம் வேறு என்பதால், அறிவிக்கும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடிக்கடி நடப்பது இது: புத்தகத்தில் 23, பையன் முதுகில் 32. கோச் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பார். ஆட்டத்துக்கு 12 நிமிடம் இருக்கும்போது ரெஃப்ரி மேசைக்கு வந்து, "எண்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்" என்று இரண்டு உதவிக் கோச்களிடமும் சொன்னால் இது தானாகத் தீரும். 9 நிமிடம் இருக்கும்போது வந்து சொன்னால், எண்ணை மாற்றுவது டெக்னிக்கல். மூன்று நிமிட இடைவெளிதான்.

அனுமதிக்கப்பட்ட எண்கள் 0, 00, 1 முதல் 5, 10 முதல் 15, 20 முதல் 25 என்று 55 வரை. 0, 00 இரண்டும் ஒரே அணியில் இருக்கக் கூடாது. 6, 7, 8, 9 எந்த இடத்திலும் வராது.

புதுவிசில்:
கல்லூரியில் இப்போது 77 எல்லாம் பார்க்கிறேனே?

ஸ்கோர்புக்:
கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2023-24 பருவம் முதல் 0-இலிருந்து 99 வரை திறந்துவிட்டார்கள். என்.எஃப்.எச்.எஸ். பழைய எண்களையே வைத்திருக்கிறது. ஃபவுலை மேசைக்கு விரலால் காட்டுகிறோம், ஒரு கையில் ஐந்து விரல்தான் உண்டு என்பது காரணம். கோடைக்கால கிளப் ஜெர்சியை அவசரத்துக்கு எடுத்துவரும் பையன்களிடம் இது மாட்டும்.

நடுக்கோடு:
எண்ணின் அளவும் பார்க்க வேண்டியது. முன்பக்கம் குறைந்தது 4 அங்குல உயரம், முதுகில் 6 அங்குலம். எண்ணின் நிறம் ஜெர்சியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். இதை வெறும் அலங்கார விதி என்று நினைக்காதீர்கள். கருப்பு ஜெர்சியில் அடர் சிவப்பு எண் இருந்தால், எதிர்க்கோடியில் நிற்கும் நடுவருக்கு 13-ம் 15-ம் ஒன்றுபோல் தெரியும். ஃபவுல் தவறான பையன் பேரில் ஏறும், நாலாவது ஃபவுல் ஐந்தாவதாகும், பிறகு மேசையில் சண்டை.

ட்ரெயில்:
அப்படியானால் முதுகில் ஐந்தரை அங்குல எண் இருந்தால் என்ன செய்வீர்கள்? அளவுகோல் எடுத்துப் போவீர்களா? நிறத்துக்கு ஊதிவிட்டு அளவுக்கு விட்டால், நீங்கள் பொறுக்கி எடுத்து விதி நடத்துகிறீர்கள் என்றாகும்.

நடுக்கோடு:
அளவுகோலோடு யாரும் தளத்துக்குப் போக வேண்டாம். கண்ணால் பார்த்தால் வாசிக்க முடிகிறதா என்பதே சோதனை. வாசிக்க முடிந்தால் ஆட்டத்தை நடத்துங்கள், ஆட்டம் முடிந்ததும் எழுதி அனுப்புங்கள். வாசிக்க முடியாவிட்டால் அது ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும், அப்போது கோச்சிடம் போங்கள். ஜே.வி. (பள்ளியின் இரண்டாம் நிலை அணி), ஒன்பதாம் வகுப்பு அணிகளில் இன்னும் கவனம் தேவை. வார்சிட்டி (பள்ளியின் முதல் நிலை) அணி கழித்துப் போட்ட ஜெர்சிகள்தான் பெரும்பாலும் அவர்களுக்கு வரும், புதிது வாங்கப் பள்ளியிடம் பணம் இருக்காது. இந்த மட்டத்தில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே, ஆட்டங்களை ஒதுக்கித் தருபவரிடமும் மாநிலச் சங்கத்தின் அறிவுறுத்தலிலும் கேட்டு வைத்துக்கொண்டால், நீங்களாகப் பொறுக்கி எடுத்ததாக ஆகாது. அந்த மாநிலத்தின் எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி நடக்கும். ட்ரெயில் கேட்பதும் அதுதானே?

ட்ரெயில்:
ஆமாம். எழுத்தில் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. குழுவுக்குக் குழு மாறுவதைத்தான் எதிர்க்கிறேன்.

புதுவிசில்:
சரி. 15 நிமிடத்தில் என்ன வரிசையில் பார்ப்பது? எல்லோரும் வார்ம்-அப் மேல்சட்டையில் இருக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

விசில்காரன்:
மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூவர் குழு என்றால் ரெஃப்ரி மேசைக்குப் போகும்போது இரண்டு அம்பயர்களும் ஆளுக்கு ஓர் அணி. லே-அப் வரிசையில் ஓடிவரும் ஒவ்வொரு பையனையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்: தலை, காது, கழுத்து, கை, முழங்கால். வரிசை இரண்டு முறை சுற்றுவதற்குள் நகை, ஹெட்பேண்ட், ஸ்லீவ், பிரேஸ் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். ஆட்களையும் எண்ணுங்கள். புத்தகத்தில் 12 பெயர், தளத்தில் 13 பேர் என்றால் அதை இப்போது சொல்வதா, ஃபவுல் ஆன பிறகு சொல்வதா?

மேல்சட்டைக்குள் இருப்பது தெரியாது, அது உண்மை. அதற்குத்தான் கோச்களோடும் கேப்டன்களோடும் நடக்கும் சந்திப்பு. விதி 2-4 சொல்லும் வேலை அது: உங்கள் அணியின் உடையும் கருவிகளும் விதிப்படி இருக்கின்றனவா, ஒழுங்காக அணிவார்களா, விளையாட்டுப் பண்போடு நடப்பார்களா என்று ஹெட் கோச்சிடம் உறுதி வாங்க வேண்டும். பல நடுவர்கள் இதை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுக் கை குலுக்குகிறார்கள், கோச்சும் தலையாட்டிவிட்டுப் போகிறார். அப்படிச் செய்யாமல் குறிப்பாகக் கேளுங்கள். "உள்பனியன் போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறமா? ஸ்லீவ் எல்லாம் ஒரே நிறமா?" என்று கேட்டால் அவர் திரும்பி பெஞ்சைப் பார்ப்பார். ஒரு நிமிடத்தில் உதவிக் கோச் யாரையாவது உள்ளே அனுப்புவார்.

புதுவிசில்:
நிறக் கணக்கை ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுங்கள் அண்ணா. ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

நடுக்கோடு:
நான் சொல்கிறேன். பனியன்: ஜெர்சியின் உடல்பகுதி நிறத்தை ஒத்த ஒரே நிறம். அப்படியானால் உள்ளூர் அணிக்கு வெள்ளை. வெளியூர் அணிக்கு ஜெர்சி நிறம் அல்லது கருப்பு, அணியில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்றே. பனியனுக்குக் கை இருந்தால் இரண்டு கையும் ஒரே நீளம், வெட்டிக் கிழித்த ஓரம் கூடாது. நீங்கள் சொன்ன கருநீலத்துக்குள் வெள்ளை நிச்சயமாகத் தவறு.

ஹெட்பேண்ட், ரிஸ்ட்பேண்ட், ஸ்லீவ், டைட்ஸ்: வெள்ளை, கருப்பு, பழுப்பு வெண்மை, அல்லது உடையின் முதன்மை நிறம். அணியில் எல்லோருக்கும் ஒரே நிறம். அந்தச் சிவப்பு ஹெட்பேண்ட் மற்றவர்களின் கருப்போடு ஒத்துப்போகவில்லை என்பதே போதும். ஹெட்பேண்ட் அகலம் 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, பின்னால் முடிச்சு வால் தொங்கக் கூடாது. ரிஸ்ட்பேண்ட் 4 அங்குலம், முழங்கைக்குக் கீழே. தயாரிப்பாளர் சின்னம் ஒன்று இருக்கலாம், 2.25 சதுர அங்குலத்துக்குள்.

முடிக் கட்டில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தலையை முழுசாகச் சுற்றி வருவது எதுவானாலும் ஹெட்பேண்ட், அதற்கு நிறக் கட்டுப்பாடு உண்டு. கொண்டையையோ குதிரைவாலையோ கட்டும் ரப்பர், துணி, எலாஸ்டிக் எந்த நிறத்திலும் இருக்கலாம். பெண்கள் ஆட்டத்தில் பச்சை ரப்பர் பேண்டுக்காக ஒரு சிறுமியை வெளியே அனுப்புவது விதியையே தவறாகப் படித்தது.

முழங்கால் பிரேஸ் ஸ்லீவ் அல்ல, நிறம் பார்க்காதீர்கள்.

ஸ்கோர்புக்:
ஹிஜாப், டர்பன்?

விசில்காரன்:
மதக் காரணத்துக்காக அணியும் தலைமறைப்புக்கு இப்போது மாநிலச் சங்கத்தின் முன் அனுமதி தேவையில்லை. கடினமாக, சொரசொரப்பாக, ஆபத்தாக இருக்கக் கூடாது, ஆட்டத்தில் கழன்று விழாதபடி கட்டியிருக்க வேண்டும். அதை மட்டும் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் கடிதம் கேட்டு நிற்கவைப்பது பழைய விதியைப் பிடித்துக்கொண்டு செய்யும் அவமானம். இந்த ஒரு விஷயத்தில் நடுவர்கள் புத்தகத்தைப் புதுப்பித்துப் படிக்கவில்லை என்றால் காயப்படுவது ஒரு பதினாறு வயதுப் பெண்.

புதுவிசில்:
ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டால்?

நடுக்கோடு:
பந்து உயிரோடு இருக்கும்போது ஸ்லீவ் நிறத்துக்காக விசில் ஊதாதீர்கள். அடுத்த டெட் பால் (பந்து ஆட்டத்தில் இல்லாத இடைவெளி) வரட்டும். ரத்தம், கூர்மையாக உடைந்த பிரேஸ் போன்றவை வேறு. அங்கேயும் எதிரணி வேகத் தாக்குதலில் இருந்தால், உடனடி ஆபத்து இல்லாதபட்சத்தில், அது முடியட்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் மேசை. மாற்று ஆட்டக்காரர் மேசை முன் வந்து காத்திருக்கும்போது அருகிலுள்ள நடுவர் காதையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். தோடு இருந்தால் உள்ளே கூப்பிட வேண்டாம், சைகையால் பெஞ்சுக்கு அனுப்புங்கள். களத்தில் ஆள் குறையவில்லை, ஆட்டம் நிற்கவில்லை, பார்வையாளருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

ஜெர்சி வெளியே தொங்குவதும் அப்படித்தான். "22, ஜெர்சியை உள்ளே விடு" என்று ஓடிக்கொண்டே சொல்லுங்கள். பாதி விஷயம் அதில் தீரும். சொல்லியும் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டால், விதிப்படி வெளியே அனுப்பலாம், அனுப்புங்கள். ஒரு முறை அனுப்பினால் அணி முழுவதும் உள்ளே விட்டுக்கொள்ளும்.

விசில்காரன்:
இங்கே ஒரு பொறி இருக்கிறது, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். "உன் பனியன் தவறு, கழற்று" என்று பையனை பெஞ்சுக்கு அனுப்புகிறீர்கள். அவன் அங்கேயே, எல்லோர் கண்முன்னும், ஜெர்சியைக் கழற்றிப் பனியனை உருவுகிறான். ஆடுகளப் பார்வை எல்லைக்குள் ஜெர்சியைக் கழற்றுவது டெக்னிக்கல் ஃபவுல்! டெக்னிக்கல் இல்லாத ஒரு சின்னத் தவறு, நம் அரைகுறைச் சொல்லால் இரண்டு ஃப்ரீ த்ரோவாகிறது. அனுப்பும்போதே, கோச் காதில் விழும்படி, "உள்ளே போய் மாற்றிக்கொண்டு வரட்டும், இங்கே ஜெர்சி கழற்றக் கூடாது" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

ரத்தம் படிந்த ஜெர்சிக்கும் இதே எச்சரிக்கை. வேறு எண் உள்ள மாற்று ஜெர்சி போட்டால் அதற்குத் தண்டனை இல்லை. புது எண்ணை மேசையிலும் எதிரணிக் கோச்சிடமும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாற்றுவது லாக்கர் ரூமில்.

ட்ரெயில்:
நான் கேட்க நினைத்தது இன்னும் வரவில்லை. நாலாவது கால்பகுதி, ஒரு புள்ளி வித்தியாசம், 40 வினாடி. பின்தங்கிய அணியின் கோச் எழுந்து, "அந்த அணியில் 10-ம் நம்பர் இரண்டு பேர்" என்கிறார். பார்த்தால் உண்மை. முதல் நிமிடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கலாம், சேமித்து வைத்திருக்கலாம். புத்திசாலித்தனமாக நடத்தச் சொல்பவர்கள் இங்கே என்ன செய்வீர்கள்?

நடுக்கோடு:
ஊதுவேன். ஒரே எண்ணில் இரண்டு பேர் என்பது கண்டுபிடிக்கப்படும்போது தண்டிக்க வேண்டியது. கோச்சின் உள்நோக்கத்தை எடைபோட விதியில் இடமில்லை. அணியின் பேரில் ஒரு டெக்னிக்கல், ஒருவர் எண்ணை மாற்ற வேண்டும், ஆட்டம் தொடரும்.

ஆனால் அந்த 40 வினாடிக்கு வந்தது யாரால்? வார்ம்-அப்பில் எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டிருந்தால் இது ஆட்டத்துக்கு முந்தைய அந்தக் கால் மணி நேரத்திலேயே முடிந்திருக்கும். அந்த எண்ணில் விழுந்த ஃபவுல்களை மேசை யார் பேரில் எழுதியது என்ற கேள்வியும் வரும், அதற்கு யாரிடமும் நல்ல பதில் இருக்காது.

இதே கோச் 40 வினாடியில் "அவன் ஸ்லீவ் வேறு நிறம்" என்று கத்தினால் அது வேறு. டெட் பாலில் பையனிடம் சொல்லுங்கள், கழற்றிவிட்டு ஆடட்டும். ஸ்லீவைக் கழற்ற இரண்டு வினாடி போதும்.

ஸ்கோர்புக்:
அந்த ஃபவுல் கணக்குக்காகவே மேசையில் எண்ணோடு பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று கெஞ்சுகிறோம்.

ட்ரெயில்:
இதில் முழு உடன்பாடு. கடைசியாக ஒன்று: ஆட்டம் முடிந்த பின் அனுப்பும் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? பலர் "உடை சரியில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறார்கள். அதை வைத்துப் பள்ளி என்ன திருத்தும்?

விசில்காரன்:
தேதி, இரு பள்ளிகள், மட்டம்: வார்சிட்டியா, ஜே.வி.யா. எந்த உடுப்பு, எந்த எண்கள், எந்த விதிப் பிரிவு. "முதுகெண் வாசிக்க முடிகிறது, ஆனால் 6 அங்குலத்துக்குக் குறைவாகத் தெரிகிறது, விதி 3-4" என்பது போல. அடுத்து, ஹெட் கோச்சிடம் எப்போது சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், தண்டனை கொடுத்தீர்களா இல்லையா, ஏன். இதை ஆட்டம் ஒதுக்கித் தருபவருக்கு அனுப்புங்கள். பள்ளியின் விளையாட்டு இயக்குநருக்கு அவர் வழியாகப் போகட்டும், நேரடியாக வேண்டாம். அன்று இரவே அனுப்புங்கள், ஏனென்றால் அதே அணிக்கு இரண்டு நாளில் அடுத்த ஆட்டம் இருக்கும், அந்தக் குழுவிடம் நகல் போய்ச் சேர வேண்டும். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். புது ஜெர்சி கேட்டு நிதி கோரும் இயக்குநர் தன் மேலதிகாரியிடம் அதை அப்படியே காட்டக்கூடியதாக இருந்தால், அடுத்த பருவத்துக்குள் எண் சரியாக வந்துவிடும்.